மனசைக் கலைத்தவள்

பள்ளி திறப்பதற்கு முந்தின இரண்டு வாரமும் நாங்கள் பிள்ளை பிடிக்கப் போவோம். எங்கள் பள்ளியில் அந்த வேலைக்கு வேறு பெயர் கிடையாது. “இன்னைக்கு எந்தத் தெரு உனக்கு?” என்று ஆசிரியைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம். வீடு வீடாகப் போய், பள்ளிக்கு வராத பெண்பிள்ளைகளின் வீட்டாரிடம் பேசி, பெயரை எழுதிக்கொண்டு வர வேண்டும். வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டும். எத்தனை வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் மதியத்துக்குள் நாக்கு வறண்டுவிடும். திரும்பி வந்து நோட்டைப் பார்த்தால் இரண்டு பெயரோ மூன்று பெயரோ இருக்கும். அதிலும் ஒன்று, பள்ளி திறக்கும் நாளில் வராது.

நான் முதன்முதலாக அப்படிப் போனது ஐம்பத்தேழில். எனக்குப் பத்தொன்பது வயது. கொடி மாறி இரண்டரை வருடம் ஆகியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள், பிரெஞ்சு கிளம்பவில்லை. கோர்ட்டிலும், மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சி அலுவலகத்திலும் காகிதங்கள் அந்த மொழியில்தான் ஓடிக்கொண்டிருந்தன. எங்கள் பள்ளியில் தமிழ்ப் பிரிவு பெரியது. பிரெஞ்சுப் பிரிவுக்கு ஒரே அறை. பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகளும் அதற்குள்தான் வரிசை வரிசையாக உட்காருவார்கள். நான் பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சை தேறியிருந்ததால் அந்த அறையைத் தற்காலிகமாக என்னிடம் கொடுத்திருந்தார்கள்.

என் அப்பா ஆலையில் தறி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஆணிலும் பெண்ணிலும் யாருக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது. அந்த நினைப்பு என் நடையிலேயே தெரிகிறது என்று அம்மா சொல்வாள். தெரியட்டும் என்றுதான் நடந்தேன். எங்கள் தெருவில் செருப்புப் போட்டுக்கொண்டு, குடை பிடித்துக்கொண்டு, கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு போன முதல் பெண் நான்.

தலைமையாசிரியையை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். கறுப்புத் தோல், வெள்ளைக் கவுன். தமிழும் பிரெஞ்சும் அவர் வாயில் ஒன்றாகவே வரும். அந்த வருடம் என்னைக் கூப்பிட்டு, “உன் ரூம்ல பதினோரு பிள்ளை. பதினைஞ்சு பேராவது காட்டணும்னு மேல சொல்லிட்டாங்க. அலோர், நாலு கொண்டு வா” என்றார்.

“கிடைக்கலேன்னா மதாம்?”

“ரூம் தமிழ்ப் பிரிவுக்குப் போயிடும். நீ வீட்டுக்குப் போயிடுவே.”

அப்படித்தான் நான் முத்தியால்பேட்டையில் எங்கள் பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்தேன். மூன்று பெயர் ஏற்கெனவே கிடைத்திருந்தன. நாலாவது வேண்டும்.

அந்த வீட்டில் ஒரு தாயும் ஒரு மகளும். தாய், என் அப்பா வேலை செய்த அதே ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தாள். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம். மகளுக்குப் பதினோரு வயது. தமிழ்ப் பள்ளியில் மூன்று வகுப்புப் படித்துவிட்டு நின்றவள். தாய் ஷிப்ட் முடிந்து வரும்போது வீட்டில் சோறு இருக்க வேண்டும், அதற்காக நின்றவள். நான் போனபோது தாய் காலை ஷிப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு. நான் பேசப் பேசச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

“ஏம்மா, உங்கப்பன் வேல செய்யற ஆலையிலதான் நானும் வேல செய்யறேன். எங்கிட்ட எதுக்கு இந்தப் பிரசங்கம்? அவளுக்கு எந்தம்பி இருக்கான். அவ தொட்டில்ல கெடக்க சொல்லவே கண்ணாலம் பேசினது. நெலம் இருக்குது, கெணறு இருக்குது. அவ எதுக்கு பிரெஞ்சு படிக்கணும், மாட்டுகிட்ட பேசறதுக்கா?”

தம்பி தவளக்குப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் பயிர் வைக்கிறவன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

நான் வாதம் செய்யவில்லை. வாதம் என்று வந்தால் பெற்றவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்பது அந்த வாரத்துக்குள் எனக்குப் புரிந்திருந்தது. மகளிடம் தண்ணீர் கேட்டேன். செம்பை நீட்டும்போது அவள் கண் என் கடிகாரத்தின் மேல் இருந்தது. அதைக் கழற்றி அவள் கையில் கட்டிவிட்டேன். வார் தொளதொளவென்று முழங்கை வரைக்கும் ஓடியது. அவள் அதைக் காதோடு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“இது மாதிரி நீயே வாங்கலாம். படிச்சு வேலைக்குப் போனா” என்றேன். தாய்க்கும் கேட்கும்படிதான் சொன்னேன். “மேரியில பொம்பளைங்க நாற்காலி போட்டு உக்காந்து எழுதுறாங்க.”

மேரியில் நான் பார்த்தது ஒரே ஒரு பெண்ணை. அவளும் ஓர் அதிகாரியின் மருமகள். அதை நான் சொல்லவில்லை.

பள்ளி திறந்த அன்று அந்தப் பெண் வந்து நின்றாள். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி மூடி வைத்துவிட்டு வருவதாகத் தாயிடம் ஒப்பந்தம் போட்டிருந்தாளாம். சொன்னபடியே செய்தாள். எனக்குப் பதினைந்து பிள்ளைகள் ஆனார்கள். அறை என்னிடமே இருந்தது.

இரண்டாவது மாதம் தெருக்குழாயில் தாயைப் பார்த்தேன். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, “எம் பொண்ணு மனச கலைச்சுட்டியே, டீச்சரம்மா” என்றாள். அதில் கோபம் இல்லை. மழை வருது, துணியை எடு என்று சொல்கிற குரல்தான். சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. படிப்புக் கொடுப்பதற்குப் பெயர் கலைப்பதா? அவளுக்குச் சொல் தெரியவில்லை என்று நினைத்தேன். சொற்கள் எனக்குத்தான் தெரியும் என்ற நினைப்பு அந்த வயதில் உறுதியாக இருந்தது. மறுநாள் பள்ளி அலமாரியில் இருந்த பழைய பிரெஞ்சு–தமிழ் அகராதியை எடுத்தேன். முதுகு கிழிந்து, நூல் தொங்கிக்கொண்டிருக்கும். ஒருவர் மனதை இழுப்பதற்கான பிரெஞ்சு வினைகள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சோதித்தல், தூண்டுதல், ஆசை காட்டுதல், மயக்குதல், வசப்படுத்துதல், கெடுத்தல் என்று தமிழ் வரிசையாக இருந்தது. கலைத்தல் இல்லை. அகராதி என் பக்கம் என்று அப்போது எடுத்துக்கொண்டேன்.

அதில் கெடுத்தல் என்று பொருள் போட்டிருந்த ‘செதுயிர்’ என்ற வினையைப் பற்றி மதாமிடம் கேட்டேன். அது லத்தீனில் இரண்டு துண்டாக இருந்ததாம். ஒரு துண்டுக்கு ‘ஒதுக்கமாக’ என்று பொருள், இன்னொன்றுக்கு ‘நடத்திப் போவது’. நடந்துகொண்டிருக்கிற பாதையிலிருந்து ஒருவரைத் தனியே விலக்கி நடத்திப் போவது. “பாதை மாத்தறதுல தப்பு என்ன இருக்கு, போற இடம் நல்லா இருந்தா?” என்று மதாம் சிரித்தார். போகிற இடம் நல்லா இருக்குமா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தமிழ்ப் பிரிவில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் ஆசிரியர் இருந்தார். அவரும் பிள்ளை பிடிக்கப் போகிறவர், எனக்குப் போட்டி. தாய் சொன்னதை அவரிடம் சொன்னேன். அவர் சொன்னார், “அதுக்கு சபலம்னு ஒரு நல்ல சொல்லு இருக்கு டீச்சர். வடமொழி. நிலை இல்லாதது, ஆடிக்கிட்டே இருக்கறது. மின்னலுக்குக் கூட அந்தப் பேரு உண்டு. நாம என்ன பண்ணோம்? கதவைத் தட்டினோம். ஆடினது அது.”

அந்தச் சொல் எனக்கு இதமாக இருந்தது. சபலம் என்று சொல்லிவிட்டால் பழி ஆடியவள் மேல் போய்விடும். கதவைத் தட்டியவளுக்குப் பங்கில்லை. சோதனை என்றால் கடவுள் மேல் போகும். ஆசை காட்டினேன் என்று சொன்னால்தான் என் கை தெரியும், ஆட்டுக்குட்டிக்குத் தழை காட்டுகிற கை. அதனால் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனேன்.

கலைத்தல் மட்டும் போகவில்லை. வேலைக்கு நடுவில் அது எங்கிருந்தாவது வரும். கோலத்தைக் கலைக்கிறோம், தூக்கத்தைக் கலைக்கிறோம், கூட்டைக் கலைக்கிறோம், கூட்டத்தைக் கலைக்கிறோம். வாரிப் பின்னின தலை கலைகிறது. வயிற்றில் இருக்கிற கரு கலைகிறது. எல்லாம் ஏற்கெனவே கூடி, படிந்து, உருவாகி இருந்தவை. அந்தத் தாய் பேசினது இழுத்துப் போவதைப் பற்றி அல்ல. தன் மகளின் மனதில் ஒன்று படிந்து இருந்தது, நான் கை வைத்தேன், இனி அது பழையபடி சேராது என்று சொல்லியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் கற்கிற கலை வேறு. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டு அந்தத் தமிழ்ப் பிரிவு ஆசிரியர் ஒருநாள் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். சத்தம் போட்டுப் பாடம் சொல்கிறவள் அல்ல. விடியற்காலை எழுவதால் மதியம் கண் சொருகும். முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்பேன். இரண்டே வருடத்தில் தெருவில் யாருக்கு அரசாங்கக் காகிதம் வந்தாலும் அவளிடம் கொண்டுபோனார்கள். சைகோனில் பட்டாளத்தில் இருந்து இறந்த ஒருவரின் மனைவிக்குப் பென்ஷன் காகிதம் வந்தபோது அவள்தான் வாசித்துச் சொன்னாள். அவளுடைய தாய் ஆலையில் அதை எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என் அப்பா வந்து சொன்னார். என்னிடம் மட்டும் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பார்த்தால், “இன்னும் எத்தினி வருசம்?” என்று கேட்பாள். அவ்வளவுதான்.

இதற்கிடையில் ஊர் மாறிக்கொண்டிருந்தது. ஒரே நாளில் இல்லை. ஓர் அரசாங்கக் கச்சேரியில் புதுக் குமாஸ்தா மதராஸ் பக்கத்திலிருந்து வருவார், இங்கிலீஷில் எழுதுவார். அடுத்த மாதம் இன்னொரு கச்சேரியில் அப்படி. வேலைக்கான அறிவிப்புப் பலகையில் தகுதி எஸ்.எஸ்.எல்.சி. என்று போட ஆரம்பித்தார்கள். நான் அதையெல்லாம் பார்த்தேன். பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வருடமும் வெயிலில் பிள்ளை பிடிக்கப் போனேன். ஒவ்வொரு வருடமும் பேச்சு எனக்கு எளிதாக வந்தது. வீடு திரும்பிக் காலைக் கழுவும்போது மட்டும் உடம்பு மூட்டை தூக்கினது போல இருக்கும்.

அறுபதில் ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது ஓர் ஆள் சைக்கிளை விட்டு இறங்கி வழியில் நின்றான். முப்பது வயது இருக்கும். பின்னால் கூடை நிறையக் கத்திரிக்காய்.

“நீங்கதான டீச்சரு? நான் அந்தப் பொண்ணோட மாமன்.”

அவன் குரலைத் தாழ்த்தியே பேசினான்.

“அது என்னைய வேணாங்குதாம். அக்கா சொல்லிச்சு. பரவால்ல. புடிக்காத பொண்ண கட்டிகினு நான் என்னா பண்ணப் போறேன். ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். படிச்சு முடிச்சா அதுக்கு வேல கெடைக்குமா? கெடைக்கும்னா ஒதுங்கிக்கிறேன். கெடைக்காதுன்னா சொல்லுங்க, இன்னும் ரெண்டு வருசம் இருந்து பாக்கறேன். அதுக்கு ஒரு ஊடு இல்லாம போயிடக் கூடாது, அதான்.”

அப்போது என் அறையில் பதினாறு பேர் இருந்தார்கள். செர்த்திபிகா என்ற பிரெஞ்சுச் சான்றிதழ்ப் பரீட்சைக்கு உட்காரத் தயாராக இருந்தது இவள் ஒருத்தி. வேலை கிடைக்காது என்று தாய் காதுக்குப் போய் இவள் நின்றுவிட்டால் தேறியவர் என்று காட்ட அந்த அறையில் யாரும் இல்லை. பலகையில் எஸ்.எஸ்.எல்.சி. என்று நான் படித்திருந்தேன். அத்தனையும் மனதில் ஓடியது, அதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

“கிடைக்கும்” என்றேன்.

அவன் தலையாட்டினான். கூடையிலிருந்து இரண்டு கை நிறையக் கத்திரிக்காய் அள்ளி நீட்டினான்.

“வேணாங்க.”

“வாங்கிக்கிங்க டீச்சரு. காலைல பறிச்சது. நாங்க இதத்தான் குடுக்க முடியும்.”

அம்மா அன்றைக்கு அதைக் குழம்பு வைத்தாள். தலை வலிக்கிறது என்று சொல்லி நான் சாப்பிடவில்லை.

அடுத்த தை மாதம் அவனுக்கு ரெட்டியார்பாளையத்துப் பெண்ணோடு கல்யாணம் ஆனது. தாய் மகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்தாள். அந்த வருடமே மகள் பரீட்சை தேறினாள். மதாம் அவளுக்குக் கை கொடுத்தார். என் பெயரும் மேலிடத்துக்குப் போன காகிதத்தில் இருந்தது.

அதன் பிறகு பத்து மாதம் நாங்கள் இருவரும் கச்சேரி கச்சேரியாக ஏறினோம். நான் விடுமுறை நாளில் கூடப் போவேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிலருக்கு அதைப் படிக்கவே தெரியவில்லை. “எஸ்.எஸ்.எல்.சி. இல்லையா? இங்கிலீஷ்?” என்பார்கள். ஓர் இடத்தில் இளம் குமாஸ்தா என்னையே பார்த்து, “உங்களுக்காவது இருக்கா?” என்று கேட்டார். இல்லை. வெளியே வந்து இருவரும் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றோம். அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அறுபத்திரண்டு மே மாதத்தில் ஒரு வாரம் அவள் என்னைப் பார்க்க வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். தாய் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே அடுப்பண்டை.

“வாம்மா. குடைய வெளிய வச்சுட்டு வா. மேஸ்திரிகிட்ட சொல்லிட்டேன். அடுத்த மாசத்துலேருந்து எங்கூட நூல் சுத்த வருவா” என்றாள்.

“அக்கா, அவ படிச்ச பொண்ணு.”

“அதான் நானும் கேக்கறேன். படிச்ச பொண்ணுக்கு என்னா பண்ணட்டும்? எந்தம்பி ஊட்டுல இப்ப வேற ஒருத்தி விளக்கு ஏத்தறா. அவன் உங்கிட்ட வந்து கேட்டானாமே. கெடைக்கும்னியாமே.” கல்லை எடுத்துத் தெருவில் போட்டாள். “அவன் கேட்டது உனக்குத் தெரியாததயா? தெரிஞ்சதயா?”

நான் குடையைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

“நீ மனச கலைச்சேன்னு அன்னிக்கே சொன்னேன். அப்பகூட உம்மேல கோவம் இல்ல. கலைச்சவ திரும்ப வந்து அடுக்கி வப்பான்னு நெனச்சேன். உனக்கு உன் ரூம்பு நெறையணும். நெறஞ்சிச்சு. எம் பொண்ண எந்த அலமாரியில வப்பே?”

“அம்மா, போதும்” என்று மகள் உள்ளிருந்து சொன்னாள்.

“நீ சும்மா இரு. பிரெஞ்சுல வேணா திட்டு, எனக்குப் புரியாது.”

மகள் கரித்துணியோடு வெளியே வந்தாள். அவளுக்குப் பதினாறு வயது, என்னைவிட உயரம். “டீச்சர் ஒண்ணும் கலைக்கல” என்றாள். “அந்தக் கடிகாரம்லாம் எனக்கு ஒண்ணும் இல்ல. ரெண்டு வேள சோறாக்கறதுல ஒரு வேளயாவது தப்பிக்கலாம்னுதான் போனேன். மாமன கட்டிக்கணும்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க பேசி வச்சீங்க. எம் மனசுல அது இருந்துச்சுன்னு நீங்களா நெனச்சுகிட்டீங்க.”

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. நாலைந்து வருடமாக நான் ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு, அது எனக்குப் பொருந்துமா பொருந்தாதா என்று மாறி மாறிப் பார்த்திருந்தேன். அவள் அதைக் கரித்துணியால் துடைப்பது போலத் துடைத்துவிட்டாள். என் பேச்சில்லாமலே அவள் வந்திருப்பாள். அதனால் நான் சொன்ன பொய் சின்னதாகிவிடவில்லை. அந்த மாமனிடம் சொன்னது அப்படியே இருந்தது. அது யார் மனதையும் இழுப்பதற்காகக்கூட இல்லை, என் அறைக்காக. அதற்கு அகராதியில் தேடவேண்டிய சொல் எதுவும் இல்லை.

“அப்ப இப்ப என்னாதான் வேணும் உனக்கு?” என்று தாய் மகளைக் கேட்டாள்.

“தமிழ் ஸ்கூல்ல ஒம்பதாவது சேத்துக்குவாங்களாம். விசாரிச்சேன். மூணு வருசம், எஸ்.எஸ்.எல்.சி. எழுதலாம்.”

“சின்னப் புள்ளைங்களோட உக்காந்தா?”

“உக்காந்துட்டுப் போறேன்.”

தாய் முறத்தைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றி எப்போதும் இருக்கும் பஞ்சுச் சிவப்பு. “மூணு வருசம். நான் ஒருத்தி ஓடணும். சொல்லு டீச்சரம்மா. அப்ப வேல கெடைக்குமா?”

கிடைக்கும் என்ற சொல் நாக்கின் மேல் தயாராக நின்றது. ஐந்து வருடம் வீடு வீடாகச் சொல்லிப் பழகின சொல். அதைச் சொன்னால் அவளை அனுப்புவாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. சொல்லாவிட்டால் அடுத்த மாதம் மகள் நூல் சுற்றப் போவாள். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுக்கா” என்றேன். “எனக்கே அடுத்த வருசம் வேலை இருக்குமான்னு தெரியாது. பிரெவேக்கு இனிமே மதிப்பு இல்ல. இங்கிலீஷ் கத்துக்கறதுக்கு நானும்தான் போகணும்.”

தாய் மறுபடியும் முறத்தை எடுத்தாள். மகள் உள்ளே போய்விட்டாள். பாத்திரம் நகர்கிற சத்தம் கேட்டது.

“ஒரு வருசம்” என்றாள் கடைசியில். “மூணு இல்ல. ஒரு வருசம் பாக்கறேன். ஃபெயிலானா ஆலைக்கு வரணும். நான் ஓடறது வீணாப் போவக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “தெரியாதுன்னு உன் வாயால இன்னிக்குத்தான் கேக்கறேன்” என்றாள்.

பள்ளி திறந்த அன்று மூன்று பேரும் தமிழ்ப் பள்ளிக்குப் போனோம். தாய்க்குப் பகல் ஷிப்ட், அதற்கு முன் முடிக்க வேண்டும். வராந்தாவில் எங்களுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். நான் இன்னொரு பள்ளியின் ஆசிரியை என்று சொன்னால் உள்ளே விடுவார்கள். சொல்லவில்லை. வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது குமாஸ்தா விண்ணப்பத்தில் ஒவ்வொரு கட்டமாகக் கேட்டு நிரப்பினார். பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

“பதினாறா? ஒம்பதாவதுக்கு? முந்தின பள்ளியை விட்ட காரணம்?”

தாய் என்னைக் கை காட்டினாள். “இவங்கதான்.”

குமாஸ்தா விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். “இதுல ஒரு காரணம் எழுதணும்மா. பிரெஞ்சு ஸ்கூலா? அந்த வகுப்பெல்லாம்தான் மூடிட்டு வராங்களே.” அவரே ‘வகுப்பு மூடப்பட்டது’ என்று எழுதினார்.

என் வகுப்பு அன்றைக்கு மூடப்படவில்லை. ஒன்பது பிள்ளைகள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வருடம் நான் பிள்ளை பிடிக்கப் போகவில்லை, மதாமிடம் முடியாது என்று சொல்லியிருந்தேன். இன்னும் சில வாரம் தாங்கும், அவ்வளவுதான். குமாஸ்தாவைத் திருத்தலாமா என்று யோசித்தேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுத்தார்கள். தாய் கட்டைவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டே, “நேரமாச்சு, நான் போறேன்” என்று சொல்லிவிட்டு ஆலைப் பக்கம் வேகமாக நடந்தாள்.

மகளை ஒரு பியூன் வகுப்புக்குக் கூட்டிப் போனார். உயரமாக இருந்ததால் கடைசி பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். முன் பெஞ்சுப் பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பையைத் திறந்து நோட்டை எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் ஜன்னலில் நின்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை, கரும்பலகையைப் பார்த்து எழுத ஆரம்பித்திருந்தாள். எனக்கும் பள்ளிக்கு நேரமாகியிருந்தது.